கூலிம் பெயர்ப்பலகையில் இரண்டு உலோகங்கள்

பாடாங் செராயிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் நான் கூலிம் ஹைடெக் பூங்காவைக் கடந்து போகிறேன். காலை ஏழு மணிக்கு முன்பே அந்தச் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசை பிடித்து நிற்கும். இரவு வேலை முடித்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு ஏறுவார்கள். பகல் வேலைக்கு வந்தவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே இறங்குவார்கள். இன்டெல், இன்ஃபினியோன், ஃபர்ஸ்ட் சோலார், ஓஸ்ராம் என்று பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பார்த்துப் பார்த்து அவை என் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மின்தடை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய இழை பல்ப் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். இப்போது அது கடையில் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டுப் பெட்டியில் கிடந்ததைத் தேடி எடுத்து வந்தேன். அதன் தலையில் ஓஸ்ராம் என்று அச்சடித்திருந்தது. ஒரு மாணவி கை தூக்கினார். அவருடைய அக்காள் ஹைடெக் பூங்காவில் அதே பெயருள்ள ஆலையில் வேலை பார்க்கிறாராம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். நிறுவனத்தைத் தொடங்கியவரின் பெயராக இருக்கும் என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன்.

தவறான பதில். அன்று இரவே அது தெரிந்துவிட்டது. ஓஸ்ராம் மனிதர் பெயரல்ல. ஓஸ்மியம் என்ற உலோகத்தின் தலையையும், டங்ஸ்டனுக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் வொல்ஃப்ராம் என்ற பெயரின் வாலையும் ஒட்டிச் செய்த சொல் அது. இரண்டும் பல்புக்குள் எரிந்த இழைகளின் உலோகங்கள். இந்தச் சொல் வணிகப் பெயராகப் பதிவானது 1906இல். அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கத்தான் செய்தார். மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு அவர் கதையைச் சொல்லத் தொடங்கினேன். நாற்பது நிமிடம் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் கார்ல் ஔவர் ஃபோன் வெல்ஸ்பாக். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1858 செப்டம்பர் 1ஆம் தேதி பிறந்தார். அப்பா அலோய்ஸ் ஔவர், அரசு அச்சகத்தின் இயக்குநர். அவரும் ஒரு கண்டுபிடிப்பாளர்தான். உண்மையான இலையை ஈயத் தகட்டில் வைத்து அழுத்தி, அதன் நரம்புகள் பதிந்த அச்சிலிருந்தே படம் எடுக்கும் முறையை உருவாக்கியவர். மகனுக்கு இரண்டு வயதாகும்போது அரசர் அந்தக் குடும்பத்துக்குப் பட்டம் கொடுத்தார். பெயரோடு வெல்ஸ்பாக் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். பத்து வயதில் பையன் அப்பாவை இழந்தான்.

படிப்பில் முதலிடம் பிடித்த பிள்ளை என்று இவரைப் பற்றி எங்கும் நான் படிக்கவில்லை. பள்ளி முடித்து, இராணுவத்தில் சேவை செய்து, வியன்னாவில் வேதியியல் படித்துவிட்டு 1880இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஆசிரியர் ரோபர்ட் புன்சன். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பற்றவைக்கும் புன்சன் அடுப்பு இவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு தனிமத்தைச் சுடரில் காட்டி, வரும் ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தால் அதற்கே உரிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கைரேகை. இந்த நிறமாலை முறையை உருவாக்கிய இருவரில் புன்சன் ஒருவர். மாணவர் அதைக் கற்றுக்கொண்டு 1882இல் முனைவர் பட்டத்தோடு வியன்னா திரும்பினார். அதே ஆண்டுதான் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின் நிலையத்தை இயக்கி, வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்விளக்கு கொடுத்தார்.

வியன்னாவில் அவருக்குக் கிடைத்தது சம்பளமில்லாத உதவியாளர் இடம். அங்கே எடுத்துக்கொண்ட வேலையோ பொறுமையைச் சோதிக்கும் வேலை. அரிய மண் தனிமங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. தனிம அட்டவணையின் அடியில் தனியாக ஒரு வரிசையில் கிடக்குமே, அவைதான். வேதிப் பண்புகளில் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும்; பிரிப்பது மிகக் கடினம். அவற்றில் டிடிமியம் என்ற ஒன்றைத் தனிமம் என்றே நாற்பது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு ஐயம். அதன் உப்பைக் கரைத்துப் படிகமாக்கினார். முதலில் படிந்ததையும் கரைசலில் மிஞ்சியதையும் பிரித்தார். இரண்டையும் மறுபடி கரைத்துப் படிகமாக்கினார். நூறு முறைக்கு மேல். கடைசியில் இரண்டு நிறங்கள் பிரிந்து வந்தன. ஒன்று பச்சை, மற்றொன்று ஊதா கலந்த இளஞ்சிவப்பு. 1885இல் வியன்னா அறிவியல் கழகத்தில் அதை அறிவித்தார். இன்று அவை பிரசியோடிமியம், நியோடிமியம். உங்கள் காது ஒலிப்பானிலும் மின்சாரக் காரின் மோட்டாரிலும் இருக்கும் வலுவான காந்தம் நியோடிமியத்தால் ஆனது. இருபத்தேழு வயது ஆவதற்குள் இரண்டு தனிமங்கள்.

இதோடு நின்றிருந்தால் அவர் வேதியியல் நூலில் ஒரு வரியாக இருந்திருப்பார். அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு பருத்தி நூல்.

அரிய மண் உப்புகளின் நிறமாலையை நன்றாகப் பார்ப்பதற்காக, உப்புக் கரைசலில் பருத்தி நூலை ஊறவைத்துச் சுடரில் காட்டினார். நூல் எரிந்துபோயிற்று. ஆனால் நூலின் வடிவம் போகவில்லை. உப்பு ஆக்சைடாக மாறி, நூலின் எலும்புக்கூடு போல நின்று பளீரென்று ஒளிர்ந்தது. இதை விளக்காக்கினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அன்று ஐரோப்பிய நகரங்கள் நிலக்கரி வாயுவில் எரிந்துகொண்டிருந்தன. மஞ்சள் நிறத்தில் புகையும் சுடர். எடிசனின் பல்ப் வந்ததும் வாயு நிறுவனங்கள் நடுங்கின. சுடரைச் சுற்றி ஒரு வலைத் தொப்பி போட்டால் அதே வாயு பல மடங்கு ஒளி தரும் என்று இந்த இளைஞர் சொன்னார். 1885இல் காப்புரிமை பெற்றார். மக்னீசியம், லாந்தனம், யிட்ரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளால் ஆன வலை அது.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டர் மின்சாரம். இரவு குறிப்பிட்ட நேரத்தில் நின்றுவிடும். கோயில் திருவிழா, கல்யாணம், துக்கம் எதுவானாலும் அப்பா கேஸ் விளக்கை இறக்குவார். பெட்ரோமாக்ஸ் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஆவியாக்கி எரிக்கும் விளக்கு. அதற்குள் தொங்குவதுதான் மேண்டில். புதிதாக வாங்கும்போது குழந்தையின் காலுறை போல மென்மையாக இருக்கும். கட்டி, ஒருமுறை கொளுத்தினால் துணி எரிந்து வெள்ளைச் சாம்பல் வலையாகிவிடும். அதன்பிறகு விரல் பட்டாலே உதிரும். ஒரு திருவிழா இரவில் நான் விரலால் தொட்டு உதிர்த்து, பந்தலே இருண்டு, முதுகில் வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சாம்பல் வலை இந்த மனிதரின் கண்டுபிடிப்பு என்று எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது.

முதல் வலை தோற்றது. வியன்னாவுக்கு அருகே அட்ஸ்கெர்ஸ்டோர்ஃபில் 1887இல் ஆலை தொடங்கினார்கள். வலை எளிதில் உடைந்தது. ஒளி பச்சை பாய்ந்து, முகங்களை நோயாளி முகம் போலக் காட்டியது. மக்கள் வாங்கவில்லை. 1889இல் ஆலையை மூடினார்கள். வயது முப்பத்தொன்று. இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் இருந்தது. கூடவே விற்காத ஒரு சரக்கும் இருந்தது.

மூடிய அந்த ஆலையிலேயே அவர் ஆய்வைத் தொடர்ந்தார். இந்த இடத்தைத்தான் வகுப்பில் நான் அதிக நேரம் சொன்னேன். தோரியம் ஆக்சைடு வலை நல்ல ஒளி தந்தது. ஆகவே தோரியத்தை மேலும் சுத்தப்படுத்தினார். சுத்தம் கூடக்கூட ஒளி குறைந்தது! வேறு யாராவது ஆய்வு முறையில் பிழை என்று விட்டிருப்பார்கள். அவரும் உடனிருந்த லுட்விக் ஹைட்டிங்கரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஒளி தருவது தோரியமா, அல்லது அதில் ஒட்டியிருந்த அழுக்கா? அழுக்குதான். அதன் பெயர் சீரியம். எவ்வளவு சேர்க்கலாம் என்று அளந்து பார்த்தபோது, தோரியம் ஆக்சைடு 99 விழுக்காடு, சீரியம் ஆக்சைடு 1 விழுக்காடு என்ற கலவை நின்றது. அதற்கு மேல் சீரியம் கூடினாலும் ஒளி குறைந்தது.

ஏன் அப்படி? பொருள் எதுவானாலும் சூடேறினால் ஒளிரும். ஆனால் பெரும்பகுதி ஆற்றல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெப்பமாகவே போய்விடும். தோரியம் ஆக்சைடுக்கு அகச்சிவப்பை வீசும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே சுடருக்குள் அது வெப்பத்தை இழக்காமல் மிகச் சூடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது அதிகம் வீசாது. அந்த வேலையைத் துளியளவு சீரியம் செய்கிறது. துளி கூடினால் அதுவே வெப்பத்தையும் வீசி வலையைக் குளிரவைத்துவிடும்.

1891 நவம்பர் 4ஆம் தேதி மாலை வியன்னாவின் ஓப்பரா அரங்குக்கு அருகே ஒரு காப்பிக் கடை வாசலில் புதிய விளக்கு எரிந்தது. இந்த முறை விற்பனைக்குக் குறைவில்லை. செத்துவிடும் என்று எண்ணிய வாயு விளக்கு இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தது. வெல்ஸ்பாக் பெரும் செல்வந்தரானார். நம்மவர்களின் கரையையும் அந்த வலை எட்டிப் பிடித்தது. தோரியம் மோனசைட் என்ற மணலில் கிடைக்கும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் ஆலை எழுந்தது அதனால்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். நம் நாட்டிலும் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் உண்டு.

தோரியத்துக்கு வேறொரு முகமும் உண்டு. அது கதிரியக்கம் உடையது. 1898இல் அது தெரிந்தது. பேராவின் புக்கிட் மேராவில் 1980களில் மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையின் தோரியக் கழிவு, ஊர் மக்களை நீதிமன்றம் வரை நடக்கவைத்தது. வியன்னாவில் பொன்னாக இருந்தது ஈப்போவுக்குப் பக்கத்தில் புதைக்க இடம் தேடும் கழிவாயிற்று. பழைய மேண்டில் யார் வீட்டிலாவது கிடந்தால், அதன் தூளை மூச்சில் இழுக்காதீர்கள்.

வலை உலகெங்கும் எரிந்துகொண்டிருந்த காலத்தில் அதன் உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்? வியாபாரம் தெரிந்த எவரும் மின்விளக்கை எதிர்த்து நின்றிருப்பார்கள். இவர் மின்விளக்கைச் செம்மையாக்க உட்கார்ந்தார். தன் சரக்கை வெல்லப்போகும் சரக்கைத் தானே செய்யத் தொடங்கினார்.

மாணவர்களே, இங்கே பல்பின் பாடத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மின்னோட்டம் மெல்லிய இழை வழியாகப் போகும்போது இழையின் தடை அதை வெப்பமாக்குகிறது. இழை வெள்ளையாகச் சூடேறி ஒளிர்கிறது. காற்றிருந்தால் எரிந்துபோகும், ஆகவே கண்ணாடிக் கூட்டுக்குள் வெற்றிடம். தத்துவம் இவ்வளவுதான், எடிசனுக்கு முன்பே பலருக்கும் தெரியும். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் எடிசனுக்கு இணையாகவே வேலை செய்தவர். எது நீண்ட நேரம் தாங்கும் என்பதுதான் சிக்கல். 1879இல் எடிசன் கரியாக்கிய பருத்தி நூலில் வென்றார்; பிறகு ஜப்பானிய மூங்கில் நாருக்கு மாறினார்.

கரிக்கு ஒரு குறை. அது உருகாது, ஆனால் வெற்றிடத்தில் ஆவியாகும். சுமார் 1,800 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏற்றினால் சீக்கிரம் மெலிந்து அறுந்துபோகும்; ஆவியான கரி கண்ணாடியில் படிந்து கறுக்கும். சூட்டைக் கூட்டாமல் ஒளி கூடாது. வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு பெரிதாக ஏறும். கரி இழை ஒரு வாட்டுக்குச் சுமார் 3 லூமென் ஒளிதான் தந்தது. இன்னும் சூட்டைத் தாங்கி, ஆவியாகாமலும் இருக்கும் ஒரு பொருள் வேண்டும்.

வெல்ஸ்பாக் தேர்ந்தெடுத்தது ஓஸ்மியம். இயற்கைத் தனிமங்களிலேயே மிக அடர்த்தியானது. 3,033 டிகிரியில்தான் உருகும். ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். கம்பியாக இழுக்கவே முடியாது. ஓஸ்மியம் என்ற பெயரே கிரேக்கத்தில் நாற்றம் என்று பொருள்படும். அதன் ஆக்சைடு கெட்ட நாற்றமுள்ள நஞ்சு. இதை இழையாக்க அவர் ஒரு வழி கண்டார். ஓஸ்மியத்தை மாவு போலத் தூளாக்கி, கரிமப் பசையோடு பிசைந்து, நுண்ணிய துளை வழியாகப் பிழிந்தார். நம் வீட்டில் இடியாப்பம் பிழிவது போல என்று வகுப்பில் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிழிந்த நூலைக் காய வைத்து, சுட்டு, பசையின் கரியை நீக்கினால் எஞ்சுவது வெறும் உலோக இழை. 1898இல் காப்புரிமை, 1902இல் விற்பனை. நடைமுறைக்கு வந்த முதல் உலோக இழை பல்புகளில் அது முன்னோடி. அதே ஒளிக்குக் கரி பல்பு தின்ற மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி போதும்.

ஆனால் இதிலும் குறைகள். ஓஸ்மியம் அரிய உலோகம். உலகம் முழுவதற்கும் பல்பு செய்யப் போதாது. அதன் தடை குறைவு என்பதால் வீட்டு மின்னழுத்தத்துக்கு ஒரு பல்பு தனியே தாங்காது. சிலவற்றைத் தொடராக இணைக்க வேண்டும். சூடேறினால் இழை தொய்ந்தது. இவர் வழியைப் பார்த்த மற்றவர்கள், 3,422 டிகிரி வரை உருகாத டங்ஸ்டனை அதேபோல் தூளாக்கிப் பிழிந்தார்கள். ஷாண்டோர் யுஸ்ட், ஃபிராஞ்ஞோ ஹனாமன் என்ற இருவர் 1904இல் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1910இல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் ஒரு படி மேலே போய், டங்ஸ்டன் தூளை அழுத்தி, சூட்டில் அடித்து, வைர அச்சுத் துளைகள் வழியாக உண்மையான கம்பியாகவே இழுத்துவிட்டார். ஓஸ்மியம் பல்பின் ஆயுள் பத்தாண்டைத் தொடவில்லை.

வெல்ஸ்பாக் தொடங்கிய நிறுவனமும் ஓஸ்மியத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. டங்ஸ்டனுக்கு நகர்ந்தது. போகிற உலோகத்தின் பாதிப் பெயரும் வருகிற உலோகத்தின் பாதிப் பெயரும் 1906இல் ஒரே சொல்லாக நின்றன. 1919இல் மூன்று ஜெர்மன் நிறுவனங்களின் பல்பு வேலைகள் ஒன்றாக இணைந்தபோது அதே சொல் நிறுவனத்தின் பெயராயிற்று. தோற்ற உலோகத்தையும் பெயரில் வைத்துக்கொண்ட நிறுவனம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

வகுப்பில் நான் காட்டிய 60 வாட் பல்பு அந்த டங்ஸ்டன் வழியில் வந்ததுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 வோல்ட்டில் 60 வாட் என்றால் இழையின் தடை 960 ஓம். அணைத்து ஆறிய பிறகு அதே பல்பை மீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. உலோகம் சூடேறினால் தடை ஏறும். ஆகவே சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் குளிர்ந்த இழைக்குள் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே டப்பென்று போனதன் காரணம் அதுதான். சுமார் 2,500 டிகிரியில் எரிந்தாலும், உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் ஒளி, மிச்சமெல்லாம் வெப்பம். 1913இல் ஏர்விங் லாங்மியூர், வெற்றிடத்துக்குப் பதில் மந்த வாயுவை நிரப்பி, இழையைச் சுருளாக்கி, ஆவியாதலைக் குறைத்தார். அதற்குப் பிறகு பெரிய மாற்றம் வரவில்லை என்றே சொல்லலாம்.

வெல்ஸ்பாக் அதற்குள் வேறொன்றில் இறங்கியிருந்தார். மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்த பிறகு சீரியம் முதலிய அரிய மண் தனிமங்கள் மலையாகக் குவிந்தன. யாருக்கும் வேண்டாத குப்பை. அவர் அந்தச் சீரியத்தோடு இரும்பைக் கலந்தார். சுமார் 70 விழுக்காடு சீரியம், 30 இரும்பு. சுரண்டினால் பொறி பறந்தது. 1903இல் காப்புரிமை. சிகரெட் லைட்டரில் சக்கரத்தின் கீழே இருக்கும் சிறு கல் அதுதான். அதைச் செய்ய கரிந்தியா மலைநாட்டில், டிரைபாக் என்ற இடத்தில் அவர் தொடங்கிய ஆலை இன்றும் இயங்குகிறது. பக்கத்தில் ஒரு மாளிகை கட்டி, அதற்குள்ளேயே ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு, பிரபு பட்டத்தோடு வாழ்ந்தார். ஆனால் பிரபுவைப் போல ஓய்ந்து உட்காரவில்லை. மறுபடி பழைய வேலைக்கே போனார். கரை, படிகமாக்கு, பிரி.

அதில்தான் அவர் வாழ்க்கையின் கசப்பு வந்தது. இட்டெர்பியம் என்ற தனிமமும் டிடிமியம் போல இரட்டைதான் என்று 1905இல் அறிவித்தார். அளவுகளை முழுமையாக முடித்து வெளியிட 1907 டிசம்பர் ஆயிற்று. பாரிசில் ஜோர்ஜ் ஊர்பேன் என்பவர் சில வாரங்கள் முன்னால் வெளியிட்டுவிட்டார். யார் முதல் என்று சண்டை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னாட்டு அணு எடைக் குழுவின் நால்வரில் ஊர்பேனும் ஒருவர்! 1909இல் குழு ஊர்பேனுக்கே முதலிடம் கொடுத்தது. வெல்ஸ்பாக் விண்மீன் கூட்டத்தின் பெயரால் காசியோபியம் என்று சூட்டிய 71ஆம் தனிமம், இன்று பாரிசின் பழைய பெயரால் லூட்டீசியம். ஜெர்மன் மொழி நூல்கள் மட்டும் நாற்பது ஆண்டுகள் காசியோபியம் என்றே பிடிவாதமாக எழுதின. வெல்ஸ்பாக்கின் மாதிரிதான் அதிகத் தூய்மையானது என்று பிற்பாடு தெரிந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஜேம்ஸ் என்பவரும் அதே தனிமத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். அவர் சண்டைக்கே வரவில்லை. மூவரில் யார் மேல் எனக்கு மதிப்பு அதிகம் என்று மாணவர்கள் கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

1929 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெல்ஸ்பாக் தன் மாளிகையில் காலமானார். எழுபத்தோரு வயது நிறைய சில வாரங்களே இருந்தன. 1956இல் ஆஸ்திரியா தன் இருபது ஷில்லிங் நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது.

கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ஜப்பானில் வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது. ஓஸ்ராம் ஆலை கூலிமில் திறந்தது 2017 நவம்பரில். அதே ஆண்டு மார்ச்சில் அந்த நிறுவனம் தன் சாதாரண வீட்டு பல்பு வணிகத்தைப் பிரித்து விற்றுவிட்டது. கூலிமில் இழையும் இல்லை, வெற்றிடக் கண்ணாடியும் இல்லை. ஆறு அங்குல வட்டத் தகடுகளில் எல்.இ.டி. சில்லுகளைச் செய்கிறார்கள். ஓஸ்மியமும் வொல்ஃப்ராமும் பெயர்ப்பலகையில் மட்டும்.

அப்படியானால் வெல்ஸ்பாக்குக்கும் இதற்கும் தொடர்பு அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். எல்.இ.டி. சில்லு நேரடியாக வெள்ளை ஒளி தராது. அது தருவது நீலம். அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற ஒரு தூளை மேலே பூசுகிறார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தத் தூளின் முக்கியப் பொருள் யிட்ரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு ஆக்சைடு. யிட்ரியம், தோற்றுப்போன முதல் வலையில் இருந்தது. தூய ஆக்சைடு மட்டும் மஞ்சளாக ஒளிராது. ஒளிரவைக்க அதில் துளியளவு வேறொன்றைக் கலக்க வேண்டும். அந்தத் துளி, சீரியம்.

இதை வகுப்பில் சொன்ன மறுநாள் அந்த மாணவி ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய அக்காள் வேலை பார்ப்பது சில்லுத் தகடுகளைச் சோதிக்கும் பிரிவிலாம். மஞ்சள் தூள் பூசுவதை அவர் பார்த்ததே இல்லையாம். ஆனால் சீரியம் என்ற பெயரை வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாராம்.